ஊஊம் என்று ஒரு சத்தம்: வீல் பேரிங் போனதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி மாற்றுவது

எண்ணூர் விரைவுச் சாலையில் இரண்டு பக்கமும் கன்டெய்னர் டிரெய்லர்கள் உறுமிக்கொண்டு போகும்போது, நம் கார் என்ன சத்தம் போடுகிறது என்று யாருக்குக் கேட்கும்? மணலி சாலையும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையும் அப்படித்தான். வடசென்னையில் ஓடும் கார்களில் வீல் பேரிங் தேய்வது ஆரம்பத்திலேயே பிடிபடாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். என்றைக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வேகம் எழுபதைத் தொட்டதும் பின் சீட்டிலிருந்து கேள்வி வரும்: “என்னங்க, கீழேயிருந்து ஊஊம்னு ஒரு சத்தம் வருதே?”

அதற்கு நான்கைந்து காரணங்கள் இருக்கலாம். பேரிங் அதில் ஒன்று. அது பேரிங்தானா என்பதைப் பெரிய கருவி எதுவும் இல்லாமல் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். மாற்றுவதற்குத்தான் பெரும்பாலான கார்களில் பட்டறை வேண்டும். அங்கே என்ன நடக்க வேண்டும், என்ன நடக்கக் கூடாது என்று தெரிந்து வைத்திருந்தால், போட்ட புதுப் பேரிங் சில மாதத்திலேயே மறுபடி கத்த ஆரம்பிக்காது.

உள்ளே என்ன இருக்கிறது

சக்கரம் ஹப் என்ற பாகத்தில் போல்ட்டுகளால் மாட்டப்பட்டிருக்கிறது. ஹப் சுழல வேண்டும். அதைத் தாங்கும் நக்கிள் சஸ்பென்ஷனோடு சேர்ந்தது, அது சுழலக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் வீல் பேரிங். ஒன்றுக்குள் ஒன்றாக எஃகு வளையங்கள். பட்டறையில் இவற்றை ரேஸ் என்பார்கள். நடுவில் இரண்டு வரிசையாக எஃகுக் குண்டுகள். குண்டுகள் ஒன்றோடொன்று உரசாமல் பிரித்து வைக்க ஒரு கூடு, உள்ளே கிரீஸ், இரண்டு ஓரத்திலும் ரப்பர் சீல். சிமென்ட் தரையில் கோலிக்குண்டுகளைப் பரப்பி, மேலே ஒரு பலகையை வைத்துத் தள்ளிப் பாருங்கள். உரச வேண்டிய பலகை உருண்டு போகும். பேரிங் செய்யும் வேலை அவ்வளவுதான்.

ஆனால் அந்த வேலையின் அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கும். ஐந்து பேர் ஏறிய சின்னக் கார் சுமார் 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ. எஞ்சின் முன்னால் இருக்கிற கார்களில் முன் சக்கரத்துக்கு அதைவிடக் கூடுதல். அந்த எடையை ஒரு நேரத்தில் தாங்குவது பேரிங்குக்குள் இருக்கும் சில குண்டுகள் மட்டுமே. ஒவ்வொரு குண்டும் ரேஸைத் தொடுவதோ ஒரு புள்ளியளவு இடத்தில். 165/80 ஆர் 14 அளவு டயர் ஒரு கிலோமீட்டருக்கு 500 தடவைக்கு மேல் சுற்றும். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரில் அது 5 கோடிச் சுற்றைத் தாண்டிவிடும். இதையெல்லாம் தாங்கத்தான் குண்டும் ரேஸும் கடினமாக்கப்பட்ட குரோம் எஃகில் வழவழவென்று இழைத்துச் செய்யப்படுகின்றன.

அந்த வழவழப்பில் கண்ணுக்குத் தெரியாத அளவு பள்ளம் விழுந்தாலும் போதும். ஒவ்வொரு குண்டும் அதைக் கடக்கும்போது ஒரு தட்டு விழும். நொடிக்குப் பல தட்டுகள் சேர்ந்து வருவதுதான் நம் காதில் ஊஊம் என்று கேட்கிறது. பள்ளத்தின் விளிம்பு உடைந்து பொடி உதிர ஆரம்பித்தால், அந்தப் பொடி கிரீஸில் கலந்து மற்ற இடத்தையும் அரைக்கும். அப்புறம் சத்தம் கொரகொரவென்று மாறும்.

சாலைப் பள்ளமாக இருந்தாலும், வெள்ளமாக இருந்தாலும், மெக்கானிக்கின் சுத்தியலாக இருந்தாலும் அடி விழுவது இந்த ஒரே இடத்தில்தான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதி தானாகப் புரியும்.

தண்ணீர் குடித்த பேரிங்

சாலைப் பள்ளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாதவரம், மூலக்கடை, பெரம்பூர் வழியாக மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகத் தோண்டிய சாலைகளில் ஓட்டியவர்களுக்கு அது தெரியும். டயர் பள்ளத்தின் எதிர் விளிம்பில் மோதும்போது அந்த அடி குண்டு வழியாகத்தான் ரேஸுக்குப் போகிறது. அடி பலமாக இருந்தால் குண்டு ரேஸில் தன் தடத்தைப் பதித்துவிடும்.

நம் பக்கத்துக் கார்களுக்கு அதைவிடப் பெரிய எதிரி தண்ணீர். பேரிங்கில் இருக்கும் ரப்பர் சீல், மழையில் தெறிக்கும் தண்ணீரையும் தூசியையும் தடுப்பதற்காக வைத்தது. தண்ணீருக்குள் மூழ்கிக் கிடப்பதற்கு வைத்ததல்ல. ஓடிக்கொண்டிருக்கும் காரில் ஹப்பும் பேரிங்கும் சூடாக இருக்கும். அப்படியே கொண்டுபோய்த் தேங்கிய தண்ணீரில் இறக்கினால் சட்டென்று குளிரும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீலின் ஓரமாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போன தண்ணீர் கிரீஸோடு கலந்து அதை மோர்நிறத்தில் ஆக்கிவிடும். குண்டுக்கும் ரேஸுக்கும் நடுவில் நிற்க வேண்டிய எண்ணெய்ப் படலம் நிற்காது. கார் சும்மா நிற்கும் நாட்களில் குண்டு தொட்டிருக்கும் இடத்திலேயே துரு பிடிக்கும். சத்தம் அன்றைக்கே வராது. சில வாரமோ, சில மாதமோ கழித்து வரும். அதனால் யாரும் இதையும் மழையையும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

எவ்வளவு தண்ணீர் என்றால், ரொம்ப வேண்டாம். மேலே சொன்ன டயரின் உயரம் சுமார் 62 சென்டிமீட்டர். அதன் மையம் தரையிலிருந்து ஓரடி உயரத்தில்தான் இருக்கிறது. ஆக, அரை டயர் முழுகினாலே பேரிங் தண்ணீருக்குள். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மழைக்கு நிரம்பி மூடப்படுவதை நாம் பல வருஷமாகப் பார்க்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டு வாசலில் நிறுத்திய கார்களே தண்ணீரில் நின்றன. எண்ணூர்ப் பக்கம் அந்தத் தண்ணீரில் கச்சா எண்ணெய்க் கழிவு வேறு மிதந்தது. வெள்ளத்தில் நின்ற காரை எடுத்ததும் எல்லோரும் எஞ்சின் ஆயிலையும் சீட்டையும் பார்ப்பார்கள். நான்கு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பார்க்கச் சொல்கிறவர் குறைவு.

கடல் காற்று பேரிங்கின் உள்ளே அவ்வளவு வேலை காட்டாது. ஆனால் காசிமேடு, கத்திவாக்கம் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் நிற்கும் காரில் நட்டும் நக்கிளும் உப்புத் துருவேறி இறுகிப் போய்க் கழற்றும் வேலையை இரட்டிப்பாக்கும்.

சத்தத்தைப் பிரித்துப் பார்ப்பது

பேரிங் சத்தம் வேகத்தோடு ஏறும், வேகத்தோடு இறங்கும். எஞ்சினோடு அதற்குச் சம்பந்தம் கிடையாது. சமமான சாலையில் ஐம்பதில் போய்க்கொண்டே நான்காம் கியரிலிருந்து மூன்றுக்கு வாருங்கள். வேகம் அதே ஐம்பதாக இருக்கட்டும். எஞ்சின் சத்தம் மாறும், ஊஊம் மாறாமல் இருந்தால் அது சக்கரப் பக்கத்துச் சத்தம்.

அடுத்தது, டயரா பேரிங்கா? இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அலை அலையாகத் தேய்ந்த டயரும் கிட்டத்தட்ட இதே மாதிரி கத்தும். டயர் சத்தம் சாலைக்குத் தகுந்தபடி மாறும்: தார் சாலையில் ஒரு மாதிரி, கான்கிரீட்டில் ஒரு மாதிரி. பேரிங் சத்தம் எந்தச் சாலையிலும் ஒரே மாதிரி. டயர் மேல் கையை வைத்து முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள், மேடு பள்ளம் விரலுக்குத் தெரியும். சந்தேகம் தீரவில்லையா? முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தமும் இடம் மாறினால் பேரிங்கின் மேல் பழி இல்லை. இன்னொன்று, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது மட்டும் டக் டக் டக் என்று வந்தால் அது ஆக்ஸிலின் சி.வி. ஜாயிண்ட். பிரேக் மிதிக்கும்போது மட்டும் கீச்சென்றால் பிரேக் பேட்.

எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிக்க, வளைவு உதவும். கார் இடப்பக்கம் திரும்பும்போது உடம்பு வலப்பக்கம் சாயும், வலச் சக்கரங்களின் மேல் சுமை கூடும். அப்போது சத்தம் ஏறினால் வலப்பக்கப் பேரிங் மேல் சந்தேகப்படலாம். வலப்பக்கம் திரும்பும்போது ஏறினால் இடப்பக்கம். அதிகாலையில் மாதவரம் ரவுண்டானா காலியாக இருக்கும்போது ஒரு சுற்று வந்தாலே போதும். நம் நாட்டில் ரவுண்டானாவை வலப்பக்கமாகவே வளைந்து சுற்றுகிறோம், அதனால் அங்கே சத்தம் ஏறினால் இடச் சக்கரம். பெரும்பாலும் இடப்பக்கம்தான் முதலில் போகும் என்பது என் கணிப்பு. சாலையோரத் தண்ணீரும், உடைந்த வடிகால் மூடியும், நடைபாதை விளிம்பும் அந்தப் பக்கம்தானே இருக்கின்றன. இரட்டை வரிசைப் பேரிங்கில் எந்த வரிசை தேய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துச் சத்தம் சில சமயம் குழப்பும். எனவே வளைவை மட்டும் நம்பி பேரிங் வாங்கிவிடாதீர்கள்.

பக்கவாட்டு அழுத்தம் பேரிங்குக்குப் பழைய தலைவலி. ஹென்றி டிம்கன் என்ற அமெரிக்கக் குதிரை வண்டித் தயாரிப்பாளர் 1898-ல் கூம்பு வடிவ உருளைப் பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். எடையோடு சேர்த்து, வண்டி திரும்பும்போது வரும் பக்கவாட்டுத் தள்ளலையும் தாங்குவதுதான் அதன் சிறப்பு. துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் லாரி, டிரெய்லர்களின் சக்கரத்தில் அந்த வகையை இன்றும் பார்க்கலாம். அதைக் கழற்றி, கழுவி, புது கிரீஸ் அடைத்து, நட்டை அளவாக முறுக்கி மறுபடி ஓட்டலாம். இன்றைய குடும்பக் கார்களில் பெரும்பாலும் இருப்பது சீல் வைத்து வரும் பேரிங். “கிரீஸ் வச்சா சரியாயிடும் சார்” என்று யாராவது சொன்னால், அவர் லாரிப் பழக்கத்தில் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜாக்கி வைத்துப் பார்ப்பது

சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, தரையில் இருக்கப் போகும் சக்கரங்களுக்குக் கல் கொடுங்கள். பின் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டுமென்றால் ஹேண்ட் பிரேக்கை விட வேண்டியிருக்கும், எஞ்சின் இயக்கும் முன் சக்கரம் என்றால் கியரை நியூட்ரலுக்கு எடுக்க வேண்டியிருக்கும். அப்போது கல் இல்லாமல் ஜாக்கியைத் தொடாதீர்கள். காரோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பி அடியில் தலையை விடக் கூடாது. ஸ்டாண்டு இருந்தால் வையுங்கள். இல்லையென்றால் ஸ்டெப்னியையாவது காருக்கு அடியில் படுக்கப் போடுங்கள்.

சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டு 12 மணி, 6 மணி இடங்களில் இரண்டு கையாலும் பிடித்து மாறி மாறித் தள்ளி இழுங்கள். டொக் டொக்கென்று ஆட்டம் இருந்தால் பேரிங்காக இருக்கலாம், கீழே நக்கிளைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லோயர் ஆர்ம் பால் ஜாயிண்டாகவும் இருக்கலாம். இதைப் பிரிக்க ஒரு சுலப வழி உண்டு. வீட்டில் யாரையாவது உட்கார வைத்து பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொல்லுங்கள். மறுபடி ஆட்டிப் பாருங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் அது பேரிங். பிரேக் பிடித்த பிறகும் ஆடினால் பால் ஜாயிண்ட் மாதிரி வேறு ஏதோ தேய்ந்திருக்கிறது. 3 மணி, 9 மணி இடங்களில் மட்டும் ஆடினால் பெரும்பாலும் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட்.

ஆட்டமே இல்லை என்பதற்காகப் பேரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கத்தும் பேரிங்குகள் பல ஆரம்பத்தில் துளிகூட ஆடாது. ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, இன்னொரு கையால் அதே பக்கத்துச் சஸ்பென்ஷன் சுருளை லேசாகப் பிடியுங்கள். தேய்ந்த பேரிங் என்றால் சுருள் வழியாக ஒரு கரகரப்பு விரலுக்கு ஏறும். எதிர்ப்பக்கச் சக்கரத்திலும் அதையே செய்து ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். விரலை மட்டும் சக்கரத்துக்கும் சுருளுக்கும் நடுவில் நுழைத்துவிடாதீர்கள்.

இதைத் தவிர, ஏபிஎஸ் உள்ள காரில் காரணமில்லாமல் ஏபிஎஸ் விளக்கு எரிவதும் ஒரு அறிகுறியாக இருக்கலாம். பல கார்களில் சக்கர வேகத்தைச் சென்சாருக்குக் காட்டும் காந்த வளையம் பேரிங்கிலேயே இருக்கிறது. பேரிங் ஆடினால் அந்த வளையமும் ஆடும்.

எத்தனை நாள் ஓட்டலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வெறும் ஊஊம் மட்டும் என்றால் பட்டறைக்கு நாள் குறித்துக்கொண்டு அதுவரை நிதானமாக ஓட்டலாம். கொரகொர சத்தமோ, கைக்குத் தெரியும் ஆட்டமோ வந்துவிட்டால் காரை நிறுத்திவிட வேண்டியதுதான். அந்த நிலையில் டிஸ்க்கும் சேர்ந்து ஆடி பிரேக் பேடைப் பின்னுக்குத் தள்ளும், பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போகும். அதையும் தாண்டி ஓட்டினால் பேரிங் சூடேறி உடைந்து, சக்கரமே கழன்றுபோகும் அபாயம் இருக்கிறது.

மாற்றும்போது

சில கார்களில் பேரிங்கும் ஹப்பும் ஒரே பாகமாக வரும். போல்ட்டைக் கழற்றி, பழையதை எடுத்து, புதியதை வைத்து முறுக்கினால் முடிந்தது. கருவிகளோடு பழகியவர் வீட்டிலேயே செய்யலாம். பல சின்னக் கார்களின் முன் சக்கரத்தில் கதை வேறு. பேரிங்கை நக்கிளுக்குள்ளும், ஹப்பைப் பேரிங்குக்குள்ளும் டன் கணக்கான அழுத்தத்தில் இறுக்கியிருப்பார்கள். அதற்கு ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். மெக்கானிக்கிடம் பிரஸ் இல்லாவிட்டாலும் நக்கிளைக் கழற்றி, பிரஸ் வைத்திருக்கும் பக்கத்து லேத் பட்டறைக்குக் கொடுத்து வாங்கலாம்.

வேலை கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்: “அண்ணே, பிரஸ்ல வச்சுத்தானே ஏத்துவீங்க?” “அதெல்லாம் நாங்க தட்டியே ஏத்திடுவோம் சார்” என்று பதில் வந்தால் வேறு பட்டறை பாருங்கள். தட்டி ஏற்றிய பேரிங்கில், முதல் கிலோமீட்டர் ஓடுவதற்கு முன்பே ரேஸில் குண்டின் தடம் விழுந்திருக்கலாம்.

பிரஸ் இருந்தால் மட்டும் போதாது, எந்த வளையத்தை அழுத்துகிறார்கள் என்பதும் முக்கியம். பேரிங்கை நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளி வளையத்தைத்தான் அழுத்த வேண்டும். ஹப்பைப் பேரிங்குக்குள் ஏற்றும்போது அடியில் உள் வளையத்துக்கு முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் அத்தனை டன் அழுத்தமும் குண்டுகள் வழியாகப் போகும்.

மற்ற வேலைகளை நல்ல மெக்கானிக் எவரும் ஒழுங்காகவே செய்வார். கார் தரையில் நிற்கும்போதே ஆக்ஸில் நட்டைத் தளர்த்துவார். பிரேக் காலிப்பரை ஹோஸில் தொங்க விடாமல் கம்பி போட்டுக் கட்டுவார். ஏபிஎஸ் சென்சாரை முதலில் கழற்றி ஓரமாக வைப்பார். ஹப்பைப் பிரித்ததும் பழைய உள் வளையம் பெரும்பாலும் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வரும். அதை புல்லர் போட்டு எடுக்க வேண்டும், ஹப்பின் தண்டில் கீறல் விழக் கூடாது. நக்கிளின் துளையைத் துருப் போகத் துடைக்க வேண்டும். காந்த வளையம் உள்ள பேரிங் என்றால் அந்த முகம் சென்சார் பக்கம் வர வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டியதுதான். அந்த முகத்தைக் காந்தம் உள்ள எதன் பக்கத்திலும் வைக்கக் கூடாது.

நீங்கள் நின்று பார்க்க வேண்டிய கடைசி இடம் ஆக்ஸில் நட்டு. பேரிங்கின் இரண்டு உள் வளையங்களையும் சரியான இறுக்கத்தில் சேர்த்துப் பிடிப்பது அதுதான். சின்னக் கார்களிலேயே 200 நியூட்டன் மீட்டரை ஒட்டிய முறுக்கு கேட்கும், சக்கர நட்டுக்கு வேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சரியான எண் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஏர் கன்னால் தடதடவென்று இறுக்கிவிட்டு “டைட்டு சார்” என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரென்ச்சில் இறுக்க வேண்டும், பிரேக்கை ஒருவர் மிதித்துப் பிடிக்க, சக்கரம் தரையைத் தொடுவதற்கு முன்பே. நட்டு தளர்வாக இருக்கும்போது காரின் எடையை இறக்கினாலோ, ஓரமாகத் தள்ளிவைத்தாலோ புதுப் பேரிங் அப்போதே அடிபடும். உதடு மடக்கிப் பூட்டும் வகை நட்டு என்றால் புது நட்டுத்தான் போட வேண்டும். நக்கிளைக் கழற்றியதால் வீல் அலைன்மென்டையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

எங்கே வாங்குவது

காரின் மாடலும் வருஷமும் சொல்லிக் கம்பெனி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்குவது நிம்மதி. பாரிமுனைப் பக்கத்துப் பேரிங் கடைகளில் பழைய பேரிங்கின் மேல் பொறித்திருக்கும் எண்ணைக் காட்டினால் எடுத்துக் கொடுப்பார்கள். விலையும் குறையலாம். ஆனால் பேரிங்கில் போலிகள் அதிகம். அட்டைப்பெட்டியும் அச்சும் அசல் மாதிரியே இருக்கும். எஸ்.கே.எஃப். கம்பெனி தன் பேரிங் அசலா என்று சரிபார்க்க ஒரு ஆப்பே வைத்திருக்கிறது. சந்தேகத்துக்கு இடமளிக்கும் அளவு விலை குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள், பில் கேளுங்கள். பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம். பழைய பேரிங் மட்டும் வேண்டாம். நக்கிளிலிருந்து இழுத்தெடுக்கும்போதே அதன் குண்டுகள் மேல் அழுத்தம் விழுந்திருக்கும்.

ஷாக் அப்சார்பரைப் போல ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. போன பக்கத்தை மட்டும் மாற்றலாம். கழற்றிய பேரிங்கைக் கேட்டு வாங்கிப் பிரித்துப் பாருங்கள். ரேஸில் ஒரே இடத்தில் செதில் உதிர்ந்த பள்ளம் மட்டும் இருந்தால் அது அடியாலோ வயதாலோ வந்தது. கிரீஸ் வெளுத்துப்போய், செம்பழுப்புத் துரு படிந்திருந்தால் அந்தப் பேரிங் தண்ணீர் குடித்திருக்கிறது. மற்ற மூன்று சக்கரங்களும் அதே தண்ணீரில்தான் நின்றிருக்கும். கார் பட்டறையில் இருக்கும்போதே அவற்றையும் தூக்கிச் சுற்றிப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.